பழைய கான்கிரீட்டைக் காப்பதும் திருப்பணியே

(ஆலய மண்டபத்தில் நடைபெற்ற திருப்பணி விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அடுத்த கும்பாபிஷேகத் திருப்பணியைத் தொடங்குவதற்கு முன்னர், பழமையடைந்த கான்கிரீட்டைச் செப்பனிடவும் வலுப்படுத்தவும் இன்று கிடைக்கும் பொருள்களைப் பற்றி எளிய முறையில் விளக்க வேண்டும் என்று செயலவையினர் கேட்டுக் கொண்டனர். அரசுக் கட்டடங்களின் பராமரிப்புப் பணியில் பல ஆண்டுகளாக ஈடுபட்டு வருபவன் என்ற ஒரே தகுதியில் உங்கள்முன் நிற்கிறேன். ஆகம விதிகளைச் சிவாச்சாரியாரும் ஸ்தபதியும் கூறுவார்கள். நான் கூறவிருப்பது, சாந்துக்கும் வண்ணத்திற்கும் அடியில் மறைந்திருக்கும் இரும்பையும் கான்கிரீட்டையும் பற்றி மட்டுமே.

நம்மிடையே இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. "மண்டபத்தில் விரிசல் கண்டுவிட்டது, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவோம்" என்பது ஒன்று. "சென்ற முறை செய்ததுபோல் பூசி, வண்ணம் தீட்டினால் போதும்" என்பது மற்றொன்று. இரண்டுமே நோயாளியின் நாடியைப் பார்க்காமல் சொல்லும் வைத்தியம். முதலில் சோதிப்போம், பின்னர் தகுந்த பொருளைக் கொண்டு முறையாகச் செப்பனிடுவோம், காக்கக்கூடியதைக் காப்போம் என்ற மூன்றாவது வழியை உங்கள் சிந்தனைக்கு வைக்கவே வந்துள்ளேன்.

முன்னோர் நமக்கு விட்டுச் சென்றது

இந்த வட்டாரத்து ஆலயங்கள் பலவற்றின் வரலாறு அத்தாப்புக் கூரையிலிருந்து தொடங்குகிறது. சிங்கப்பூர் சௌத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் ஆலயம் 1827-இல் மரத்தாலும் அத்தாப்பாலும் எழுந்து, 1843-இல் செங்கல் கட்டடமானது. கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் தேவஸ்தானம் 1873-இல் தோன்றியது. அதன் இன்றைய இராஜகோபுரம் 1968-இல் எழுந்தது. நகர ஆலயங்களின் கதை இதுவென்றால், தோட்டத்து ஆலயங்களின் கதை இன்னும் எளியது. மரத்தடியில் ஒரு கல், பிறகு தகரக் கொட்டகை, பிறகு செங்கல் சுவர், அதன்பின் கம்பி வைத்த கான்கிரீட் மண்டபம் என்று படிப்படியாக அவை வளர்ந்தன. பால்மரம் வெட்டியவர்கள் தங்கள் கூலியிலிருந்து பிடித்தம் செய்து கொடுத்த வெள்ளிகள்தாம் அந்தத் தூண்களுக்குள் இருக்கின்றன.

நம் நாட்டில் 1960-களிலும் 1970-களிலும் எழுப்பப்பட்ட அத்தகைய மண்டபங்கள் இன்று அரை நூற்றாண்டைக் கடந்துவிட்டன. கருங்கல் ஆலயம் ஆயிரம் ஆண்டு நிற்கும். கான்கிரீட் ஆலயம் அப்படியன்று. முறையாகப் பேணினால் நூறாண்டும் நிற்கும். பேணாவிட்டால் முப்பது ஆண்டிலேயே நோயுறும்.

கான்கிரீட் ஏன் நோயுறுகிறது?

கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. அதனால்தான் அதனுள் இரும்புக் கம்பி வைக்கிறோம். புதிய கான்கிரீட் சுண்ணாம்பைப்போல் மிகுந்த காரத்தன்மை உடையது. அதன் கார அளவு 12.5 முதல் 13 வரை இருக்கும். அந்தக் காரத்தில் கம்பியின்மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்று உண்டாகிறது. அது இருக்கும்வரை கம்பி துருப்பிடிப்பதில்லை.

காற்றிலுள்ள கரியமில வாயு, நுண்துளைகளின் வழியாக மெல்ல மெல்ல உள்ளே சென்று காரத்தைக் குறைத்துக்கொண்டே வருகிறது. கார அளவு 9-க்குக் கீழே இறங்கும்போது காப்புப் படலம் அழிந்துவிடும். அதன்பின் ஈரமும் காற்றும் கிடைத்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு, தான் தோன்றிய இரும்பைக் காட்டிலும் 2 முதல் 6 மடங்கு வரை இடம் பிடிக்கக்கூடியது. உள்ளிருந்து தள்ளும் அந்த விசையில் கான்கிரீட் வெடித்துப் பாளம் பாளமாகக் கழன்று விழுகிறது. கடலோர ஆலயங்களில் உப்புக் காற்றும், அக்காலத்தில் கழுவாமல் பயன்படுத்திய கடல் மணலும் இதே கேட்டை இன்னும் விரைவாகச் செய்கின்றன.

கரியமில வாயுவின் ஊடுருவல் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. முதல் 10 ஆண்டுகளில் 10 மில்லிமீட்டர் ஆழம் சென்றிருந்தால், 20 மில்லிமீட்டரை எட்ட ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆகும். கம்பிக்கு மேல் 25 மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்கும் தூண் நெடுங்காலம் நலமாக நிற்கும். கொத்தனார் கவனக் குறைவால் 10 மில்லிமீட்டர் மட்டுமே மூடியிருந்தால், அதே கட்டடத்தில் அந்தத் தூண் மட்டும் பத்தாண்டில் பாதுகாப்பை இழக்கும். ஆகவே ஒரே மண்டபத்தில் சில தூண்கள் நோயுற்றும் சில தூண்கள் நலமாகவும் இருப்பது இயல்பே. முழுவதையும் இடிக்க வேண்டும் என்ற அவசரம் தேவையில்லை என்பதற்கு இதுவே முதற்காரணம்.

நோயைக் கண்டறிய இரண்டு எளிய சோதனைகள் உள்ளன. சிறு சுத்தியலால் தட்டிப் பார்ப்பது ஒன்று. தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்கும் நம் தாய்மார்களுக்கு இது புதிதன்று. கெட்டியான கான்கிரீட் கணீர் என்று ஒலிக்கும். உள்ளே பிளந்திருந்தால் வெற்றொலி கேட்கும். மற்றொன்று, புதிதாக உடைத்த பரப்பில் பினாப்தலீன் என்ற திரவத்தைத் தெளிப்பது. காரம் இருக்கும் இடம் இளஞ்சிவப்பாகும். காரம் போன இடம் நிறம் மாறாது. மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைத்தவுடன் ஆலத்தி சிவக்கிறதே, அதே தத்துவம்தான். காரத்தை நிறத்தால் அறியும் சோதனையை நம் வீட்டு மங்கலச் சடங்குகளில் நாம் நாள்தோறும் காண்கிறோம்.

ஆலயத்திற்கே உரிய காரணங்கள்

அலுவலகக் கட்டடத்திற்கு இல்லாத சில சோதனைகள் ஆலயத்திற்கு உண்டு. அபிஷேகப் பால் தேங்கிப் புளித்தால் அமிலமாகிறது. பழச்சாறும் இளநீரும் பஞ்சாமிர்தமும் அவ்வாறே. அமிலம் கான்கிரீட்டை அரிக்கும். கோமுகியிலிருந்து வடியும் தீர்த்தம் அடைப்பின்றி வெளியேறாவிட்டால், கருவறையைச் சுற்றியுள்ள தளமும் அடித்தளமும் எப்போதும் ஈரமாகவே இருக்கும். கோபுரத்தின் இடுக்குகளில் பறவைகள் இட்ட விதையிலிருந்து ஆலும் அரசும் முளைத்து வேரால் பிளக்கின்றன. மொட்டை மாடியில் மழைநீர் வடியும் குழாய் ஒன்று அடைபட்டாலே போதும், அதன் கீழுள்ள உத்திரம் சில ஆண்டுகளில் துருக்கறை காட்டும்.

பக்தியினால் நாம் சேர்க்கும் பாரமும் உண்டு. பழைய தரைக்கல்லைப் பெயர்க்காமல் அதன்மேலேயே புதிய சலவைக்கல் பதிக்கிறோம். மாடியில் புதிய தண்ணீர்த் தொட்டி வைக்கிறோம். ஒவ்வொரு திருப்பணியிலும் விமானத்தில் மேலும் சில சிமெண்டுச் சிற்பங்களைச் சேர்க்கிறோம். 1986 மார்ச் 15-ஆம் நாள் சிங்கப்பூரில் ஹோட்டல் நியூ வோர்ல்ட் இடிந்து 33 பேர் உயிரிழந்த துயரத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கட்டடத்தின் சொந்த எடையையே வடிவமைப்பில் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தார்கள் என்பது விசாரணையில் வெளிப்பட்டது. ஏற்கெனவே வலுவிழந்திருந்த தூண்களின்மேல் பின்னாளில் கூடுதல் பாரமும் ஏற்றப்பட்டிருந்தது. அதன்பின் சிங்கப்பூரில், குடியிருப்பு அல்லாத கட்டடங்களை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை பொறியாளர் சோதிக்க வேண்டும் என்ற சட்டம் வந்தது. மலேசியாவில் 133-ஆம் சட்டத்தின் 85ஏ பிரிவு, ஐந்து மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களையே குறிக்கிறது. நம் மண்டபத்தை எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாமல் இருக்கலாம். தைப்பூசத்தன்று அதன் கீழே நிற்கும் குழந்தைகள் நம்மைக் கட்டாயப்படுத்த வேண்டும்.

வண்ணம் மருந்தாகாது

விழுந்த இடத்தில் சிமெண்டுச் சாந்தை அப்பி வண்ணம் தீட்டினால் என்ன நேரும்? துருப்பிடித்த கம்பி உள்ளேயே இருக்கிறது. துரு வளர்ந்துகொண்டே இருக்கும். ஓரிரு மழைக்காலத்திற்குப் பின் புதிய சாந்தும் சேர்ந்து விழும். அதனினும் நுட்பமான கேடு ஒன்று உண்டு. ஒட்டுப் போட்ட இடத்திலுள்ள கம்பி புதிய சாந்தின் காரத்தால் காக்கப்படும். அதனை அடுத்துள்ள பழைய பகுதியின் கம்பி முன்னிலும் விரைவாகத் துருப்பிடிக்கத் தொடங்கும். இன்று ஒட்டுப் போட்ட இடத்திற்கு ஓர் அடி தள்ளி மறு ஆண்டு விரிசல் தோன்றுவது இதனால்தான். இதற்குப் பழியைக் கொத்தனார்மேல் போடுவது வழக்கம். உண்மையில் பிழை வேலையின் முறையில் இருக்கிறது.

முறையான செப்பனிடுதல் இவ்வாறு நடைபெறும். முதலில், கெட்ட கான்கிரீட்டைக் கம்பியின் பின்புறம் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர்வரை கொத்தி எடுக்க வேண்டும். இரண்டாவதாக, கம்பி பளிச்சென்று தெரியும்வரை துருவை நீக்க வேண்டும். கம்பி மிகவும் இளைத்திருந்தால் பொறியாளரின் கணக்குப்படி துணைக் கம்பி சேர்க்க வேண்டும். மூன்றாவதாக, கம்பிக்குக் காப்புப் பூச்சு கொடுக்க வேண்டும். உப்பு ஏறிய இடங்களில் சிறு துத்தநாகக் கட்டிகளைக் கம்பியோடு பிணைத்து உள்ளே வைக்கலாம். துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொண்டு அருகிலுள்ள இரும்பைக் காக்கிறது. கற்பூரம்போல் தன்னை இழந்து பிறருக்குப் பயன்படும் பொருள் அது. நான்காவதாக, பழைய கான்கிரீட்டோடு நன்கு பிணையக்கூடிய செப்பனிடும் சாந்தை அடுக்கடுக்காக நிரப்ப வேண்டும். இறுதியாக, கரியமில வாயுவைத் தடுத்து, உள்ளிருக்கும் ஈரத்தை ஆவியாக வெளியே விடக்கூடிய மேற்பூச்சு இட வேண்டும். வண்ணத்திற்கு இடம் இங்கேதான். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று நம் முன்னோர் சும்மா சொல்லவில்லை.

சிமெண்டும் பூமியும்

இனி, எந்தப் பொருளைக் கொண்டு செப்பனிடுவது என்ற கேள்விக்கு வருகிறேன். சிமெண்டு செய்யச் சுண்ணாம்புக் கல்லை ஏறத்தாழ 1450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுடுகிறார்கள். எரிபொருளிலிருந்து மட்டுமல்லாமல் அந்தக் கல்லிலிருந்தே பெருமளவு கரியமில வாயு வெளியேறுகிறது. ஒரு டன் சிமெண்டுக் கட்டி உருவாக ஏறத்தாழ 0.8 முதல் 0.9 டன் வரை கரியமில வாயு காற்றில் கலக்கிறது. மனிதர்களால் வெளியாகும் கரியமில வாயுவில் ஏறக்குறைய நூற்றுக்கு 7 அல்லது 8 பங்கு சிமெண்டுத் தொழிலால் வருகிறது என்று கணக்கிட்டுள்ளார்கள்.

பூமியைத் தாய் என்று வணங்கி, வாஸ்து பூசை செய்து, அனுமதி கேட்டுப் பணி தொடங்குகிறவர்கள் நாம். அதே பணியில் அவளுக்கு எவ்வளவு பாரம் ஏற்றுகிறோம் என்பதையும் எண்ணிப் பார்ப்பது பொருத்தமே. நலமாக நிற்கும் மண்டபத்தை இடித்தால், அதற்காக அன்று எரித்த எரிபொருளும் அன்று வெளியான வாயுவும் வீணாகின்றன. இடிபாடுகளைக் கொட்ட இடம் தேட வேண்டும். புதிய மண்டபத்திற்காக மீண்டும் சுண்ணாம்புக் குன்றைச் சுட வேண்டும். ஆகவே பூமிக்கு ஏற்ற கட்டுமானப் பொருள்களில் தலைசிறந்தது, ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கும் நல்ல கான்கிரீட்டே. பழுதுற்றதைப் புதுக்கி மீண்டும் நிலைநிறுத்துவதையே நம் சமயம் ஜீர்ணோத்தாரணம் என்று போற்றுகிறது.

சாம்பலும் கசடும் செய்யும் தொண்டு

புதிய கான்கிரீட் தவிர்க்க முடியாத இடங்களிலும் சிமெண்டின் அளவைக் குறைக்க வழி உண்டு. நிலக்கரி மின்நிலையங்களில் புகையோடு எழும் நுண்சாம்பலைப் பிடித்துச் சிமெண்டில் நூற்றுக்கு 20 முதல் 35 பங்குவரை சேர்க்கலாம். அமெரிக்காவில் 1953-இல் முடிவடைந்த ஹங்ரி ஹார்ஸ் அணையிலேயே இச்சாம்பல் பயன்பட்டது. இரும்பு உலையில் மிதக்கும் கசடைக் குளிர்வித்து அரைத்த தூளை நூற்றுக்கு 50 பங்கும் அதற்கு மேலும் சேர்க்கலாம். இது உப்பு ஊடுருவலை நன்கு தடுப்பதால் கடலோர ஆலயங்களுக்கு ஏற்றது. சிலிக்கா நுண்தூள் கலந்த கான்கிரீட் எத்தகைய வலிமை பெறும் என்பதற்கு நம் கோலாலம்பூர் இரட்டைக் கோபுரமே சாட்சி. இவையெல்லாம் ஒரு காலத்தில் கழிவு என்று கொட்டப்பட்டவை. சாம்பலைத் திருநீறாக நெற்றியில் அணியும் நமக்கு, சாம்பலின் பெருமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

நம் மண்ணுக்கே உரிய சாம்பல்களும் உண்டு. செம்பனை ஆலைக் கொதிகலனில் ஓட்டையும் நாரையும் எரித்தபின் எஞ்சும் சாம்பல், 1990-களிலிருந்து நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஆராயப்பட்டு வருகிறது. மிக நுண்ணியதாக அரைத்தால் சிமெண்டில் ஐந்தில் ஒரு பங்கிற்கு அது ஈடாகக்கூடும் என்று கண்டுள்ளார்கள். கெடா மாநிலத்து நெல் ஆலைகளில் கிடைக்கும் உமியை அளவான வெப்பத்தில் எரித்தால், பெரும்பகுதி சிலிக்காவாகிய சாம்பல் கிடைக்கும். ஆனால் ஒன்றைத் தெளிவாகக் கூறிவிடுகிறேன். ஆலையிலிருந்து மூட்டையில் அள்ளிவந்த சாம்பலைக் கலவையில் கொட்டுவது பேராபத்து. அரைத்து, சோதித்து, தரச்சான்று பெற்றதையே தூணுக்கும் உத்திரத்திற்கும் பயன்படுத்த வேண்டும். சோதிக்கப்படாததை நடைபாதைக்கும் வேலித் தூணுக்கும்கூடப் பொறியாளரைக் கேட்டே பயன்படுத்த வேண்டும்.

எதிர்காலத்தில் பெரிதும் பேசப்படவிருப்பது சுட்ட களிமண் கலந்த சிமெண்டு. பாதி சிமெண்டுக் கட்டி, ஏறத்தாழ 30 பங்கு சுட்ட களிமண், 15 பங்கு சுடாத சுண்ணாம்புக் கல், மீதி ஜிப்சம் என்பது அதன் அளவு. சுவிட்சர்லாந்து, கியூபா, இந்தியா ஆகிய நாடுகளின் ஆய்வாளர்கள் இணைந்து இதனை உருவாக்கினார்கள், சென்னை ஐ.ஐ.டி.யும் அதில் பங்கு பெற்றது. களிமண்ணை ஏறத்தாழ 800 பாகை வெப்பத்தில் சுட்டாலே போதும். கரியமில வாயு நூற்றுக்கு 30 முதல் 40 பங்குவரை குறைகிறது. இதன் அடிப்படை நமக்கு அந்நியமானதன்று. 1895-இல் நிறைவுற்ற முல்லைப் பெரியாறு அணை, சுண்ணாம்போடு சுட்ட செங்கல் தூளாகிய சுர்க்கியைக் கலந்து கட்டப்பட்டதே.

சுண்ணாம்பை எங்கே பயன்படுத்துவது?

"நம் முன்னோர் கடுக்காயும் வெல்லமும் சேர்த்த சுண்ணாம்புச் சாந்தில் கட்டினார்களே, நாமும் அதையே பயன்படுத்தலாமே" என்று ஒரு பெரியவர் கேட்டார். நல்ல கேள்வி. சிங்கப்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தின் உட்சுவர்களில் இந்தியக் கைதிகள் பூசிய மெட்ராஸ் சுண்ணம் புகழ்பெற்றது. கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டை வெண்கருவும் சர்க்கரையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீரில் குழைத்து அரைத்த பூச்சு அது. 1861-இல் முடிவடைந்த அக்கட்டடம் இன்றும் வழிபாட்டில் உள்ளது.

பழைய செங்கல் கோபுரத்திற்கும் அதன் சுதைச் சிற்பங்களுக்கும் சுண்ணாம்புச் சாந்தே உகந்தது. அது சுவாசிக்கும், செங்கல்லோடு சேர்ந்து அசைந்து கொடுக்கும். அதன்மேல் கெட்டிச் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளே சிறைப்பட்டுச் செங்கல் உப்புப் பூத்து உதிரும். ஆனால் கம்பி வைத்த கான்கிரீட் தூணின் உடைந்த பகுதியைச் சுண்ணாம்புச் சாந்தால் நிரப்பக் கூடாது. அந்தப் பாரத்தைத் தாங்கும் வலிமை அதற்கில்லை. பழையதோடு ஒத்துப்போகும் பொருளே நல்ல மருந்து.

இந்த உண்மையை நம் ஆகமம் நமக்கு வேறு வகையில் காட்டியிருக்கிறது. கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான் தூள், செம்பஞ்சு, சாதிலிங்கம், காவி, தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டையும் இடித்துச் செய்யும் அஷ்டபந்தனம், சிலையையும் பீடத்தையும் பிணைக்கிறது. அது கல்லைவிடக் கெட்டியானதன்று. கல்லைக் காயப்படுத்தாமல் இடைவெளியை மூடி நீரைத் தடுப்பது. காலத்தால் இறுகியபின் அகற்றிவிட்டுப் புதிதாகச் சாத்த முடிவது. செப்பனிடும் பொருளுக்கு இன்றைய பொறியியல் வகுக்கும் இலக்கணத்தோடு இது எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்! பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிணைப்பைப் புதுப்பிக்க வேண்டும் என்று விதித்தவர்கள், பராமரிப்பு என்பது தொடர்ந்த கடமை என்பதை உணர்ந்தவர்கள்.

வலுவூட்டும் இழைகள்

சில தூண்களுக்கும் உத்திரங்களுக்கும் செப்பனிட்டால் மட்டும் போதாது; வலுவும் ஊட்ட வேண்டும். முன்பு தூணைச் சுற்றி மேலும் கான்கிரீட் வார்ப்பார்கள், அல்லது இரும்புத் தகடு பொருத்துவார்கள். அது இடத்தை அடைக்கும், எடையையும் கூட்டும். இன்று கார்பன் இழைத் துணியையோ பட்டையையோ பசையால் ஒட்டுகிறார்கள். சுவிட்சர்லாந்தில் லூசெர்ன் நகருக்கு அருகிலுள்ள இபாக் பாலத்தை 1991-இல் இவ்வாறு வலுப்படுத்தினார்கள். 175 கிலோ இரும்புத் தகடு செய்யும் வேலையை 6.2 கிலோ கார்பன் பட்டைகள் செய்தன.

கார்பன் இழை உற்பத்தியில் எரிசக்தி மிகுதியாகச் செலவாகிறது, விலையும் அதிகம். ஆனாலும் மிகச் சிறிய அளவில் பயன்படுத்தி ஒரு முழு உத்திரத்தை இடிப்பதைத் தவிர்க்க முடியுமானால் கணக்கு நமக்குச் சாதகமே. ஆலயத்தில் ஒரு கவனம் தேவை. அந்தப் பசை ஏறத்தாழ 60 முதல் 80 பாகை வெப்பத்தில் இளகத் தொடங்கும். யாகசாலைக்கு மேலும், வரிசை விளக்குகளை ஒட்டியும் அதனைப் பயன்படுத்துவதாயின் தீக்காப்பு அவசியம். அல்லது இழை வலையைப் பசைக்குப் பதிலாகச் சிமெண்டுச் சாந்தில் பதிக்கும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். அது வெப்பத்தை மேலும் தாங்கும். ஈரக் காற்றுள்ள நம் நாட்டிற்கும் ஏற்றது.

முகூர்த்தமும் நீராற்றுதலும்

சாம்பலும் கசடும் கலந்த கான்கிரீட் மெதுவாகவே வலிமை பெறும். பொறுமையாகக் காத்திருந்தால் பின்னாளில் மேலும் இறுகும். அதற்கு நீராற்றுதல் இன்றியமையாதது. குறைந்தது ஏழு நாள், இயன்றால் அதற்கும் கூடுதலாக, ஈரச் சாக்கால் மூடி நீர் தெளித்துவர வேண்டும். இதனைச் செய்யாவிட்டால் சாம்பல் கலந்த கான்கிரீட்டில் கரியமில வாயு சாதாரணக் கான்கிரீட்டைவிட விரைவாக ஊடுருவும். பொருள் நல்லதாயினும் பயன் கெட்டுவிடும்.

இங்கேதான் நாம் தடுமாறுகிறோம். கும்பாபிஷேக நாளை முதலில் குறித்து, அழைப்பிதழ் அச்சடித்து, அதன்பின் குத்தகையாளரை விரட்டுகிறோம். அவர் ஈரம் காயாத சாந்தின்மேல் வண்ணம் தீட்டிக் கொடுக்கிறார். முகூர்த்தத்தை மாற்றச் சொல்ல எனக்கு உரிமையில்லை. சோதனையையும் கான்கிரீட் வேலையையும் முடித்து, பொறியாளர் எழுத்து மூலம் நிறைவுச் சான்று தந்த பிறகே நாள் குறிக்கக் கேட்கலாம் அல்லவா? அம்பாள் காத்திருப்பாள், கான்கிரீட் அவசரத்திற்கு இணங்காது.

செயலவைக்கும் உபயக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்

பொற்கலசத்திற்கு உபயம் செய்யப் பலர் முன்வருகிறார்கள். சிற்பத்திற்கும் கதவுக்கும் பெயர் பொறிக்க இடம் கேட்கிறார்கள். துருப்பிடித்த கம்பியைச் சுத்தம் செய்ய உபயம் தருகிறேன் என்று எவரும் சொல்வதில்லை. அங்கே பெயர் பொறிக்க இடமில்லை. ஆனால் அந்தக் கலசம் நிற்பதே அந்தக் கம்பியின் பலத்தில்தான். ஆகவே "கட்டடக் காப்பு உபயம்" என்று ஒன்றைத் தொடங்கலாம். அதில் சேரும் பணத்தைச் சோதனைக்கும் செப்பனிடுதலுக்கும் மட்டுமே செலவிட்டு, கணக்கை ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வைக்கலாம்.

மேலும் சில செயல்கள் இன்றே தொடங்கக்கூடியவை. மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பதிவு பெற்ற பொறியாளரைக் கொண்டு தூண், உத்திரம், தளம் அனைத்தையும் சோதித்து வரைபடத்தில் குறிக்க வேண்டும். குத்தகையாளரிடம் "என்ன விலை?" என்று கேட்பதற்கு முன் "கம்பியின் பின்புறம்வரை கொத்துவீர்களா? சாந்தின் பெயரும் தரச்சான்றும் என்ன? எத்தனை நாள் நீராற்றுவீர்கள்?" என்ற மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். மழைநீர்க் குழாய்களையும் கோமுகி வாய்க்காலையும் இளைஞர் அணியினர் மாதம் ஒருமுறை துப்புரவு செய்யலாம். அபிஷேகம் முடிந்தவுடன் பாலும் பழமும் தேங்காமல் நீரால் கழுவிவிடலாம். விரிசல் கண்டால் அதன் முனையில் தேதியிட்டு, படம் எடுத்து, ஒரு பதிவேட்டில் ஒட்டி வைக்கலாம். விரிசல் வளர்கிறதா நிற்கிறதா என்பதை அடுத்த தலைமுறைச் செயலவையும் அறிந்துகொள்ள அது உதவும்.

சோதனையின் முடிவில், ஒரு பகுதியைக் காக்கவே இயலாது என்று பொறியாளர் கூறினால், அதனை அகற்றத் தயங்கக் கூடாது. பழமைமேல் கொண்ட பற்று, பக்தர்களின் உயிரைவிடப் பெரிதன்று. ஆனால் சோதிக்காமல் இடிப்பதும், சோதிக்காமல் மூடி மறைப்பதும் முன்னோர் உழைப்பிற்கு நாம் செய்யும் நன்றியாகாது.

பெரியோர்களே, கண்ணுக்குத் தெரியும் அழகை நம் தலைமுறை அனுபவிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத வலிமையை நம் பேரப்பிள்ளைகள் அனுபவிப்பார்கள். வரும் திருப்பணியில் முதல் வெள்ளியை அந்த வலிமைக்கே ஒதுக்குவோம். அதற்கான நல்லறிவையும் ஒற்றுமையையும் பொறுமையையும் நம் அனைவருக்கும் தந்தருளுமாறு அன்னையின் திருவடியை வணங்குகிறேன்.